வழக்கமும் தோற்புற்றும்

வெயில் படும் இடங்களிலேயே தோற்புற்று தோன்றும் என்பது பொதுவான எண்ணம். வரலாறோ வேறு சான்றுகளும் தருகிறது. இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட், புகைக்கூடு துடைப்போரின் விதைப்பையிற் கண்ட புற்றுக்குப் புகைக்கரியே காரணமென 1775இல் எழுதினார். காசுமீர மக்கள் குளிர்காயவென ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் தணற்சட்டி, வயிற்றிலும் தொடையிலும் புற்றை விளைத்தது. இறுகக் கட்டிய வேட்டி நெடுங்காலம் உராய்ந்த இடுப்பிலும் புற்று எழுவதை, 1945இல் பம்பாய் ஆய்வாளர் கனோல்கரும் சூரியாபாயும் எடுத்துக்காட்டினர்.

ஓரிடத்துத் தோல் ஓயாது தாக்கப்படுவதே இவற்றின் பொதுமை. பழைய தீக்காயத் தழும்பும் அத்தகையதே. பல்லாண்டு கழித்தும் அதிற் புற்று எழலாம். 2009இல் முடிவுற்ற போர் வன்னி மக்கள் பலரின் உடலில் தழும்புகளை விட்டுச்சென்றது. அவற்றில் ஆறாத புண் கண்டால், நாணாதும் தாமதியாதும் மருத்துவரை நாடுக.