முரண்டு பிடிப்பது யார்?

முதியோர் வகுப்பு எடுக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள். "ஒழுங்கா வர்றதில்ல, வந்தா தூங்குறாங்க, ஒரு வார்த்தை சொன்னா முறைச்சிக்கிட்டுப் போயிடுறாங்க" என்ற புகார் தவறாமல் வரும். வகுப்பு நடப்பது சேரியில் என்றால் "இவங்களுக்கு அக்கறையே இல்ல" என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். அந்தத் தீர்ப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜான்ஸ் தீவுதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டி இருக்கிறது அந்தத் தீவு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் பேசிய கல்லா மொழியை நகரத்துக் கறுப்பர்களே இளக்காரமாகப் பார்த்தார்கள். (ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிக்கட்டு உண்டு. நமக்குத் தெரியாததா?) வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தையும் கொடுக்காமல், நிலத்தையும் கொடுக்காமல், இரண்டையும் காட்டு என்று கேட்ட சட்டம் அது.

தீவிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிச் சென்ற ஏசா ஜென்கின்ஸ், ஓட்டிக்கொண்டே அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார். பயணிகளில் ஒரு பெண்மணி, மனப்பாடம் போதாது, எனக்கு வாசிக்கவே கற்றுக்கொடு என்று கேட்டார். அக்கறை இல்லாதவர் கேட்கிற கேள்வியா இது?

தீவில் முதியோர் கல்விக்கு அரசுப் பணம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் வகுப்புக்கு ஆள் வரவில்லை. ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியின் மைல்ஸ் ஹார்ட்டன் அங்கேயே தங்கி, பேசிப் பழகி, காரணத்தைக் கண்டுபிடித்தார். வளர்ந்த மனிதர்களைச் சிறுபிள்ளைகளின் பெஞ்சில் மடக்கி உட்கார வைத்து, சிறுபிள்ளைகளின் பாடத்தையே ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். தன்மானம் உள்ள யார்தான் மறுநாள் போவார்கள்?

ஆகவே புதிய பள்ளிக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று முடிவானது. பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகை அலங்காரக் கலைஞரைக் கேட்டார்கள். மக்களை மட்டம் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள் என்பதால் வெள்ளை முதலாளி யாரும் அவரை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. இந்த இரண்டாவது காரணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திட்டத்தின் மூளையான செப்டிமா கிளார்க், கறுப்பின உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக 1956-ல் ஆசிரியர் வேலையை இழந்தவர். சுமார் 40 ஆண்டுப் பணி, ஓய்வூதியத்தோடு சேர்ந்து போனது.

1957 ஜனவரி 7. முன்பக்கம் மளிகைக் கடை. வெள்ளையர் கண்ணுக்கு அதுதான் தெரிய வேண்டும். பின்னறையில் வகுப்பு. 14 பேர் வந்தார்கள். தான் ஆசிரியர் இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்றுதான் ராபின்சன் தொடங்கினார். தொடக்கப்பள்ளிப் பாடங்களைக் கொண்டுவந்திருந்தவர், அவை இவர்களுக்குச் சரிவராது என்று அன்றே ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அட்டையில் பெயரை எழுதிக்கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதப் பழக்கினார். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை வாசிப்பீர்கள் என்றார்.

வேலை முடிந்து களைத்து வந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் அந்த வகுப்பு காலியாகவில்லை.

நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். 1855-லேயே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் புனேயில் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலில் பிழைப்பு இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, மணியை மாற்றியவர்கள். அதே புலேதான் 1873-ல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

1961-ல் டென்னசி அரசு ஹைலேண்டரை இழுத்து மூடியது. அதற்குள் குடியுரிமைப் பள்ளிகள் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குக் கைமாறியிருந்தன. தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின. கிளார்க்கை நீக்கியது அநியாயம் என்று தென் கரோலினா ஒப்புக்கொள்ள 1976 வரை ஆனது.