இருவர்க்கு ஓர் அடுப்பு

அன்புடையார் இருவர் வீட்டிலிருந்து உண்ணும் இராப் போசனத்துக்குப் போறணையில் சுட்ட பாஸ்தா இன்று உலகின் பல நகரங்களில் விரும்பப்படுகின்றது. அதனை மார்க்கோ போலோ சீனத்திலிருந்து கொணர்ந்தார் என்பது கட்டுக்கதையே. அவர் 1295 இல் வெனிசுக்கு மீள்வதற்கு நெடுங்காலம் முன்னரே, சிசிலித் தீவின் திராபியாவில் மாவிழைகள் செய்யப்பட்டுக் கப்பலேறியதை, 1154 இல் முடிவுற்ற தம் நூலில் அல் இத்ரிசி குறித்துள்ளார்.

அவ்விழை கோதுமையால் ஆயது. வன்னியின் தர்மபுரமோ நெல் விளையும் நாடு. கோதுமை மாவுக்குள்ள பசைத்தன்மை அரிசி மாவுக்கு இல்லை. ஆகவே வறுத்த மாவைக் கொதிநீரில் குழைத்து, உரலிலிட்டுப் பிழிந்து, ஆவியில் அவிக்கும் முறை இங்கு நிலைத்தது. போறணை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் வழி வந்தது. அது பாண் சுடுவோர்க்கு உரியது. வீட்டுக்கு உரியது விறகடுப்பே. இடியப்ப உரலை அழுத்த வலிய கை வேண்டும். தட்டை ஏந்த மற்றொரு கை வேண்டும். சொதி கொதித்து இறங்குமுன்னரே இருவரும் ஒருங்கு கூடிவிடுகின்றனர்.

2009 சனவரியில் போர் நெருங்கவே, தர்மபுரத்தார் அடுப்பை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். வன்னி மக்களுட் பெருந்தொகையினர் பின்னர் மெனிக் பாம் முகாமில் பொதுச் சமையலுக்கு வரிசையில் நின்றனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. தமக்கெனத் தாமே உலையேற்றுதல் எத்துணைப் பெரும்பேறு என்பதை அந்நாள்கள் உணர்த்தின. பாஸ்தாவாயினும் இடியப்பமாயினும், இருவர் விருந்துக்கு முதற்கண் வேண்டுவது அவர்களுக்கென ஓர் அடுப்பே.