பழைய ஹோண்டா சிட்டி வாங்கப் போறீங்களா? விளம்பரத்தில் இல்லாத செலவுகள் இவைதான்

ஐந்தாறு லட்சம் பட்ஜெட். அந்தக் காசுக்குப் புது கார் என்றால் சின்ன ஹேட்ச்பேக்தான். அதே தொகைக்கு 2014-17 மாடல் ஹோண்டா சிட்டி கிடைக்கும் என்று தெரிந்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. தாராளமான பின்சீட், பெரிய டிக்கி, நல்ல பெட்ரோல் இன்ஜின். தப்பான தேர்வு இல்லை. ஆனால் செலவுக் கணக்கு அந்த விலையோடு முடியாது.

முதலில், காசே கேட்காத ரிப்பேரைப் பார்த்துவிடுவோம். இந்த காரில் உயிருக்கு ஆபத்தான குறைகள் அதில்தான் இருக்கின்றன.

ரீகால்: இலவசம்தான், ஆனால் நீங்கதான் கேட்கணும்

2014-க்கு முந்தைய சிட்டி என்றால் முதல் கேள்வி ஏர்பேக். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த இன்ஃப்ளேட்டர்கள் உலகம் முழுக்க திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி. உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல வருடம் கிடந்து கெட்டுப்போகும். விபத்தின்போது பை விரிவதோடு நிற்காமல் உலோக உறையே வெடித்துச் சிதறலாம். சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி மாதிரி ஊர்களின் வானிலையை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இந்தியாவில் ஹோண்டா 2017 ஜனவரியில், 2012-ல் தயாரான 41,580 கார்களைத் திரும்ப அழைத்தது. 2018 ஜனவரியில், 2013-ல் தயாரான 22,834 கார்கள். இரண்டு பட்டியலிலும் சிட்டி உண்டு.

புதிய மாடல் என்றால் பிரச்சனை வேறு. 2013 டிசம்பர் முதல் 2015 ஜூலை வரை தயாரான 64,428 டீசல் சிட்டிகள் எரிபொருள் திரும்பும் குழாய்க்காக அழைக்கப்பட்டன. அடுத்தது ஃப்யூயல் பம்ப்: 2020-ல் 65,651, 2021-ல் 77,954, 2024-ல் 90,468 கார்கள். இவை ஹோண்டாவின் பல மாடல்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை. பம்ப் பழுதானால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். ஹைவேயில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், ரீகால் தகவல் போகும் போன் நம்பர் பெரும்பாலும் முதல் ஓனருடையது. வண்டி மூன்று கை மாறியிருந்தால் யாருக்குமே தெரியாமல் போயிருக்கலாம். 2021 ஏப்ரலில் அமலான கட்டாய ரீகால் விதியும் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். எனவே ஆர்சி புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரை வாங்கி, ஹோண்டா இந்தியா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி.

காசு எங்கே போகும்?

இனி சொல்லும் தொகைகள் தோராயமானவை. ஊருக்கும் பாகத்தின் பிராண்டுக்கும் ஏற்ப மாறும்.

பெட்ரோல் இன்ஜினில் பெரிய பயம் வேண்டாம். டைமிங் செயின் இருப்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. டிக் டிக் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்தான், சின்ன வேலை.

கியர்பாக்ஸில் கவனம் தேவை. 2014-ல் வந்த மாடலின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் சிவிடி வகை. அந்த வருடம் தயாரான சில சிவிடி கார்களை மென்பொருள் மாற்றத்துக்காக ஹோண்டாவே திரும்ப அழைத்தது. சிவிடி ஆயில் மாற்ற சுமார் 5,000 ரூபாய். அதை மாற்றாமலே லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, பெட்டியே போய்விட்டால் பில் லட்சத்தைத் தாண்டும். ஆயில் மாற்றியதற்கு ரெக்கார்டு இல்லாத சிவிடி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் வாங்க மாட்டேன். மேனுவலில் வரக்கூடிய பெரிய செலவு கிளட்ச் செட், 10,000 முதல் 15,000 வரை.

அடிக்கடி கேட்கும் புகார் ஏசி. கூலிங் காயில் லீக் ஆனால், டேஷ்போர்டைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்: 15,000 முதல் 25,000. கேஸ் நிரப்பி இரண்டு மாதத்தில் மறுபடி கூலிங் குறைந்தால் சந்தேகம் இதன் மேல்தான். விற்பவர் “கேஸ் மட்டும் போட்டா போதும் சார்” என்றால் கொஞ்சம் நிதானியுங்கள்.

மேடு பள்ளத்தில் முன்பக்கம் லொடலொடவென்றால் லிங்க் ராடு, புஷ், ஷாக் அப்சார்பர். எல்லாம் சேர்த்து மாற்றினால் 15,000 முதல் 25,000. நான்கு டயருக்கு 20,000 முதல் 28,000. ஏசி, சஸ்பென்ஷன், டயர் மூன்றும் முதல் வருடத்திலேயே வந்தால் குறைந்தது 50,000 ரூபாய். ஐந்தரை லட்சம் காரில் அது பத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்ட. லோன் போட்டு வாங்கினாலும் இந்தப் பணம் கையில் இருக்கணும்.

ஒரு சின்ன ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. முன்பு 28% கட்டிய பாகம், அந்தக் குறைப்பு முழுதாக உங்களுக்கு வந்தால், 10,000-லிருந்து சுமார் 9,220 ஆகும். பழைய பில்லைக் காட்டி யாராவது விலை சொன்னால் இதை ஞாபகம் வையுங்கள்.

இ20 பெட்ரோல் கெடுக்குமா?

2009-க்குப் பிறகு தயாரான தன் பெட்ரோல் கார்களின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும் என்று ஹோண்டா சொல்லியிருக்கிறது. அதற்காக மைலேஜ் குறையாது என்று அர்த்தமில்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு.

டெல்லி நம்பர் பிளேட், வெள்ளத்தில் நின்ற வண்டி

பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கு டெல்லியில் இருந்த தடையால், அங்கிருந்து டீசல் சிட்டிகள் மலிவாக தெற்கே வந்தன. நம் ஊரில் மறுபதிவு செய்ய என்ஓசி வேண்டும், சாலை வரியும் இங்கே கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் ‘மலிவு’ பெரும்பாலும் கரைந்துவிடும்.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற கார்களில் எத்தனையோ சுத்தம் செய்து சந்தைக்கு வந்தவை. தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.