ஒரு பானையின் சாட்சியம்

போர்த்துக்கீசியரின் வீட்டுச் சமையலில் ஃபெய்ஜோவாடாவுக்குத் தனியிடம் உண்டு. பீன்ஸ் விதைகளையும் பன்றி இறைச்சியையும் நெடுநேரம் வேகவைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு அது. மின்யோ பகுதியில் வெள்ளை பீன்ஸில் செய்வர். வடகிழக்கு மலைநாடான த்ராஸ்-உஸ்-மோந்தெஸில் சிவப்பு பீன்ஸில் செய்வர். (பின்னதன் பெயருக்கு 'மலைகளுக்கு அப்பால்' என்பது பொருள்.) இலக்கியம் கற்பிப்பவருக்கு அடுக்களையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால் சில வேளைகளில் அடுக்களை வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

இதன் செய்முறையே ஓர் ஆவணம் எனலாம். முதல்நாள் இரவே இரண்டு வேலைகள் தொடங்கிவிடும். ஒன்று, பீன்ஸை ஊறவைப்பது. மற்றொன்று, உப்பிட்டு வைத்த பன்றிக்காது, கால் முதலியவற்றை நீரில் போட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவது. மறுநாள் ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் பீன்ஸை வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டுச் சிவப்பு பீன்ஸ் வயிற்றைக் கெடுக்கும். ஆகவே முதல் பத்து நிமிடமேனும் தளதளவென்று கொதித்தாக வேண்டும். காதும் காலும் தனிப் பாத்திரத்தில் வேகும். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, லாரல் இலை ஆகியவற்றை வதக்கி, புகையூட்டிய ஷோரிஸோ சாசேஜை வட்டமாக நறுக்கிப் போட்டு, காரட்டும் முட்டைக்கோசும் சேர்த்து, இறைச்சி வெந்த நீரில் கொஞ்சம் ஊற்றி, அனைத்தையும் ஒன்றாக்கிச் சிறுதீயில் விட்டுவிட வேண்டும். சோற்றோடு பரிமாறுவர்.

உப்பை இறக்கும் அந்த ஒரு வேலைக்குள் குளிர்பெட்டி அறியாத நூற்றாண்டுகள் அடங்கியிருக்கின்றன. குளிர்காலம் வந்ததும் கிராமத்து வீடுகளில் ஆண்டு முழுதும் வளர்த்த பன்றியை அறுப்பார்கள். சாசேஜ்கள் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். காது, கால், வால் எல்லாம் உப்புப் பெட்டிக்குள் போகும். தவக்காலத்துக்கு முந்தைய களியாட்ட நாட்களில் அவை பானைக்கு வரும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஃபெய்ஜாவ்' என்ற போர்த்துக்கீசியச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பாவில் அச்சொல் குறித்தது நாம் காராமணி என்கிற தட்டைப்பயற்றை. இன்று ஃபெய்ஜோவாடாவில் வேகும் பீன்ஸோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் அது ஐரோப்பாவில் இல்லை. புதிய விதை வந்து பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஷோரிஸோவுக்குச் சிவப்பு நிறம் தரும் மிளகாய்ப்பொடியும் அங்கிருந்து வந்ததே. தமிழர்க்கு இது புதிதன்று. போர்த்துக்கீசியக் கப்பல்கள் கொண்டுவந்த காய்க்கு நாம் மிளகின் பெயரை நீட்டி 'மிளகாய்' என்று பெயரிட்டு, அது இல்லாமல் முன்னோர் எப்படிச் சமைத்தார்கள் என்பதையே மறந்துவிட்டோம். 'தொன்றுதொட்டு' என்ற சொல்லைச் சமையலில் சற்று எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும்.

பிரேசிலில் இவ்வுணவு கறுப்பு பீன்ஸில் செய்யப்படுகிறது; அந்நாட்டின் தேசிய உணவு என்றே போற்றப்படுகிறது. அதற்கு ஒரு பிறப்புக்கதையும் உண்டு. ஆண்டைகள் வேண்டாமென்று எறிந்த காதையும் காலையும் வாலையும் அடிமைகள் பொறுக்கிப் பீன்ஸோடு வேகவைத்தார்கள். அப்படிப் பிறந்தது இவ்வுணவு என்பார்கள். கேட்பவர் மனத்தை இளக்கும் கதைதான். ஆனால் காதும் காலும் போர்த்துக்கீசியருக்கு ஒருபோதும் கழிவாக இருந்ததில்லை. விரும்பி உண்ட பகுதிகள் அவை. பிரேசில் உணவு வரலாற்றை விரிவாக எழுதிய லூயிஸ் த காமரா காஸ்குதோ, ஐரோப்பிய முறை பிரேசில் பொருள்களோடு கூடிப் பிறந்ததே ஃபெய்ஜோவாடா என்ற முடிவுக்கு வந்தார். 1833இலேயே ரெசிஃபி நகர நாளிதழில், ஒரு விடுதி தன் விருந்தினருக்கு 'பிரேசில் முறை ஃபெய்ஜோவாடா' பரிமாறுவதாக விளம்பரம் செய்திருக்கிறது. அங்கே அடிமைமுறை ஒழிந்ததோ 1888இல்.

அடிமைகளுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றும் இக்கதை உண்மையில் அவர்களுடைய பட்டினியை மறைக்கிறது என்பதே என் கருத்து. அவர்கள் பெரும்பாலும் உண்டது வெறும் பீன்ஸும் மரவள்ளி மாவும். எப்போதாவது சிறிது உலர்ந்த இறைச்சி. கொழுத்த பானையைக் கிளறிய கைகள் அவர்களுடையவை. அதில் உண்டவர்கள் வேறு.

போர்த்துக்கல்லின் பானையும் அவ்வளவு வெள்ளந்தியானதன்று. அங்கே பன்றிக்கு இத்தனை முதன்மை வந்ததற்கு மலைநாட்டு வறுமையும் குளிரும் முதற்காரணங்கள். அரசியல் காரணமும் ஒன்று உண்டு. 1496 டிசம்பரில் மன்னர் முதலாம் மனுவேல் யூதர்களை நாடுகடத்த ஆணையிட்டார். மறு ஆண்டு அவர்களை வெளியேறவும் விடாமல் வலுக்கட்டாயமாகத் திருமுழுக்குக் கொடுத்தார். அவர்களுக்குப் 'புதிய கிறித்தவர்' என்று பெயர் வந்தது. 1536இல் இன்குவிசிஷன் என்னும் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டபோது, மறைவாக யூதநெறியில் நிற்போரைக் கண்டுபிடிக்க ஓர் அறிவிக்கை வெளியிடப்பட்டது. அதில் சொல்லப்பட்ட அடையாளங்களுள் உணவும் இருந்தது: பன்றிக்கொழுப்பு, முயல், விலாங்கு, செதிலற்ற மீன் ஆகியவற்றை உண்ண மறுப்பது. இவற்றைக் கண்டவர் வந்து சொல்ல வேண்டும் என்பது கட்டளை.

அண்டை வீட்டார் நம் அடுப்பைக் கண்காணிக்கும் ஊரில் பானையில் வேகும் பன்றிக்கால் வெறும் உணவாக இருக்க முடியுமா? அது ஒரு வாக்குமூலம். வாய்க்குப் பிடிக்காததை வாசனை தெருவுக்கு வரும்படி சமைத்தவர்கள் எத்தனை பேரோ! போர்த்துக்கல்லில் அம்மன்றம் 1821 வரை நீடித்தது. கோவாவிலும் 1560 முதல், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1812 வரை இயங்கியது. கோவாவின் கிறித்தவ வீடுகளில் இன்றும் ஃபெய்ஜோவாடா உண்டு. வினிகரும் மிளகாயும் ஊறிய உள்ளூர் ஷோரிஸோ அதில் சேர்கிறது.

த்ராஸ்-உஸ்-மோந்தெஸில் அல்யெய்ரா என்றொரு சாசேஜ் இருக்கிறது. ரொட்டியையும் கோழி இறைச்சியையும் பூண்டோடு பிசைந்து குடலில் அடைத்துப் புகையூட்டுவது. பன்றி சாசேஜ்போல் தோன்றும்படி புதிய கிறித்தவர்கள் செய்த தந்திரம் இது என்று அப்பகுதியில் சொல்வார்கள். இதற்கு ஆவணச் சான்று வலுவாக இல்லை. எனினும் அச்சத்தின் சுவடு ஊர்க்கதையில் தங்கிவிட்டதாகவே தோன்றுகிறது. தெற்கே பெல்மோந்தே ஊரில் தம் நெறியை மறைத்தே வாழ்ந்துவந்த ஒரு யூதச் சமூகத்தை 1917இல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற பொறியியலாளர் கண்டார். மன்றம் ஒழிந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியும் அவர்கள் மறைவைக் கைவிடவில்லை.

அல்யெய்ராவுக்குப் பெயர்பெற்ற ஊர் மிராந்தேலா. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற மிராந்தேலா அல்யெய்ராவில் இன்று பன்றி இறைச்சியும் சேர்க்கப்படுகிறது.