வேலியே பயிரை மேய்ந்த கதை

"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்று சொல்வோம் இல்லையா? மருத்துவ உலகம் சுமார் ஐம்பது வருடங்களுக்கு அந்தப் பழமொழியை நம்ப மறுத்தது. வேலியாவது, பயிரை மேய்வதாவது என்று பெரிய பெரிய பேராசிரியர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியது ஒரு இளைஞரும் சில முயல்களும்தான். பி.காம் படிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரலாறு எல்லோருக்கும் பொது!

இங்கே வேலி என்பது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி. வெளியிலிருந்து கிருமி நுழைந்தால், அதைப் பிடிப்பதற்கென்றே ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற புரதங்கள் உருவாகும். சரி, அந்தப் படை நம் சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கினால்?

இந்தக் கேள்வியை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஜெர்மனியின் பால் எர்லிக். 1908ல் நோபல் பரிசு பெற்ற மேதை. 1900 வாக்கில் அவர் ஆடுகளை வைத்துச் சோதனை செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஏற்றினால், அந்த ரத்த அணுக்களை அழிக்கும் ஆன்டிபாடி உண்டானது. ஆனால் அது அந்த ஆட்டின் சொந்த ரத்தத்தை ஒன்றும் செய்யவில்லை. உடம்பு தன்னையே தாக்க அஞ்சுகிறது என்று முடிவு செய்து, அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று லத்தீனில் பெயரும் வைத்தார்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். தன்னைத் தானே தாக்கும் விபரீதத்தைத் தடுக்க உடம்புக்குள் ஏதோ ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் எர்லிக் சொன்னதன் சாரம். பின்னால் வந்தவர்களோ, "அப்படி ஒன்று நடக்கவே நடக்காது" என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் தேடச் சொன்ன இடத்தில் இவர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள்!

எதிர்ச் சாட்சி இல்லாமலும் இல்லை. 1904லேயே வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர் ஒரு விசித்திர நோயை ஆராய்ந்தார்கள். குளிர் பட்டால் அந்த நோயாளிகளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அவர்களுடைய ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடியே அவர்களுடைய ரத்த அணுக்களை உடைக்கிறது என்று நிரூபித்தார்கள். ஆனால் பலரும் அதை ஒரு விதிவிலக்காகவே ஒதுக்கிவிட்டார்கள்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். எர்லிக்கிடம் பணியாற்றியவர் ஹான்ஸ் சாக்ஸ். அவருடைய சீடர் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கி. யூதர் என்பதால் 1933ல் நாஜிகளால் வேலை இழந்து, ஜெர்மனியை விட்டு வெளியேறி, பிறகு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். குரு பரம்பரையில் எர்லிக்கின் பேரன் என்றே வைத்துக்கொள்ளலாம். 1951ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார் நோயல் ரோஸ். அப்போது வயது 23. ஏறக்குறைய நம் வயது!

ரோஸ் செய்தது தைராய்டு சுரப்பியில் உள்ள தைரோகுளோபுலின் என்ற புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சி. முயலின் தைராய்டிலிருந்து எடுத்த புரதத்தை முயலுக்கே ஊசி போட்டால் ஒன்றும் ஆகக்கூடாது. சொந்தச் சரக்குதானே? ஆனால் ஆன்டிபாடி உண்டானது. தாத்தாவின் விதிப்படி இது நடக்கவே கூடாதது.

விடெப்ஸ்கி லேசில் நம்பவில்லை. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். அது வேறொரு முயலின் புரதம், அதனால்தான் இப்படி என்று யாராவது கேட்டால்? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். ஒரு முயலின் தைராய்டில் ஒரு பாதியை வெட்டி எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்தினார்கள். அப்போதும் ஆன்டிபாடி வந்தது. அதோடு நிற்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த தைராய்டு வெள்ளை அணுக்களால் நிரம்பி வீங்கிச் சிதைந்திருந்தது. வேலி பயிரை மேய்ந்தேவிட்டது!

1956ல் இந்த முடிவுகள் வெளியாயின. சிதைந்த அந்த முயல் தைராய்டு, 1912ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்டு எழுதிய தைராய்டு நோயைப் போலவே இருந்தது. 44 வருடங்களாக அதற்குக் காரணம் தெரியாமல் இருந்தது. அதே 1956ல் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முயலில் கண்டது மனிதரிலும் உறுதியானது. இன்று தைராய்டு பரிசோதனை அறிக்கையில் 'ஆன்டி தைரோகுளோபுலின்' என்று ஒரு வரி பார்த்தால், அதற்குப் பின்னால் இந்த முயல்கள் இருக்கின்றன.

பூட்டு திறந்ததும் மற்றவையும் வரிசையாக வெளியே வந்தன. முடக்குவாதம், லூபஸ், சிறுவயதிலேயே வரும் முதல் வகை சர்க்கரை நோய் என்று இன்று 80க்கும் மேற்பட்ட நோய்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. ரோஸ் தன் வாழ்நாள் முழுக்க இதே துறையில் உழைத்து, 2020ல் 92ஆம் வயதில் காலமானார்.

எனக்கு இந்தக் கதையில் ரோஸைவிட விடெப்ஸ்கியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. தன் குரு பரம்பரையின் கொள்கையை உடைக்கும் ஒரு முடிவை, அதுவும் ஒரு சின்னப் பையன் கொண்டு வந்ததை, "சோதனையில் தப்பு" என்று சொல்லிக் குப்பையில் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சந்தேகப்பட்டார், ஆனால் சந்தேகத்தைச் சோதனையிலேயே தீர்த்துக்கொண்டார். முடிவு தெளிவானதும் தன் பெயரையும் சேர்த்தே வெளியிட்டார்.

அப்படியானால் எர்லிக் தோற்றுவிட்டாரா? அதுவும் இல்லை. உடம்பைத் தன்னிடமிருந்தே காக்கும் ஏற்பாட்டில் ஒரு முக்கியப் பகுதியை 1995ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி கண்டுபிடித்தார். எதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் தனி வகை டி செல்கள் அவை. அதற்காக அவருக்கும், மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ல் நோபல் பரிசு கிடைத்தது. வேலிக்கும் ஒரு காவல்காரன் உண்டு. அவன் அசந்தால்தான் ஆபத்து. எர்லிக் சொன்னதை முழுதாகக் கேட்டிருந்தால், ஒருவேளை இவ்வளவு காலம் ஆகியிருக்காது!