காத்திருப்போரும் மாறும் விதிகளும்: மன்னாரிலிருந்து ஒரு நோக்கு

கடல் கடந்து செல்வது மன்னார் மக்களுக்குப் புதிய விடயமன்று. 1914 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்துடன் இணைந்த கப்பற் சேவை தொடங்கிய நாள் முதல், இத்தீவு இரு நாடுகளுக்கு இடையிலான வாசலாகவே இருந்து வந்துள்ளது. 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் சேவை இராமேஸ்வரத்திற்கு மாறியது. 1984 இல் அதுவும் நின்றுபோனது. ஆனால் அவ்வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தம் விருப்பப்படி சென்றவர்கள் அல்லர். சட்டமும் அலுவலகமும் நிர்ணயித்த நாளுக்காகக் காத்திருந்தவர்களே அவர்களுள் அதிகம்.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரின் எதிர்காலத்தை எடுத்துக்கொண்டது. இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அதன்படி விண்ணப்பித்து இந்தியக் கடவுச்சீட்டையும் பெற்ற பின்னர், கப்பற் சேவை நின்றமையால் இங்கேயே தங்கிவிட நேர்ந்தோர் 80,000 இற்கும் மேற்பட்டோர். கையில் கடவுச்சீட்டு இருந்தும் இங்கும் அங்கும் உரிமையற்றவர்களாக இவர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை உறுதிசெய்தது.

இந்த வரலாற்றை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று மன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், முருங்கன், சிலாவத்துறை ஆகிய ஊர்களிலிருந்து பட்டதாரிகளும் தாதியரும் கணக்காளரும் தொழில்நுட்பவியலாளரும் திறன்சார் குடிவரவுக்கென அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் விண்ணப்பிக்கின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த நாட்டத்தைப் பன்மடங்காக்கியது. அவ்வாண்டில் மட்டும் மூன்று இலட்சத்திற்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து வெளியேறினர். இவர்கள் கப்பலுக்காக அல்ல, கணினித் திரையில் தோன்றும் ஒரு வரிக்காகக் காத்திருக்கின்றனர். காத்திருக்கும்போதே விதி மாறிவிடுகிறது என்பதே இவர்களுடைய பெரும் அவலம்.

முன்னர் நடந்தவை

விதி மாற்றம் காத்திருப்போரை எவ்வாறு தாக்கும் என்பதற்கு மூன்று உதாரணங்கள் போதுமானவை.

முதலாவது பிரித்தானியா. உயர்திறன் குடிவரவாளர் திட்டத்தை அந்நாடு 2002 இல் ஆரம்பித்தது. தொழிலையும் வீட்டையும் விட்டுப் பலர் அங்கு குடியேறினர். 2006 நவம்பரில் விசா நீடிப்புக்கான புள்ளி முறை திடீரென மாற்றப்பட்டது. ஏற்கனவே அங்கு வாழ்ந்தவர்களும் புதிய அளவுகோலுக்கு உட்பட வேண்டும் என்று கூறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டு வழக்குத் தொடுத்தனர். 2008 ஏப்ரல் 8 இல் உயர் நீதிமன்றம், ஏற்கனவே திட்டத்தில் சேர்ந்தவர்கள் மீது புதிய விதியைத் திணிப்பது சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது.

இரண்டாவது அவுஸ்திரேலியா. 2007 செப்டெம்பர் முதலாந் திகதிக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து சமர்ப்பிக்கப்பட்டு முடிவின்றிக் கிடந்த திறன்சார் விண்ணப்பங்களை, 2010 பெப்ரவரி 8 இல் அந்நாட்டு அரசு ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. ஏறத்தாழ 20,000 பேர் பாதிக்கப்பட்டனர். கட்டணம் திருப்பித் தரப்பட்டது. இழந்த ஆண்டுகளை எவரும் திருப்பித் தரவில்லை.

மூன்றாவது கனடா. 2008 பெப்ரவரி 27 இற்கு முன்னர் கிடைத்த திறன்சார் தொழிலாளர் விண்ணப்பங்கள் 2012 ஜூன் மாதச் சட்டத்தினால் முடிவுறுத்தப்பட்டன. விண்ணப்பதாரிகளும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 2,80,000 பேர் இதில் அடங்குவர். இவர்கள் தொடுத்த வழக்கை 2013 ஏப்ரலில் சமஷ்டி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் தெளிவான சட்டம் இயற்றியிருந்தால் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைப்பது அரிது என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

அண்மைய ஆண்டுகளில் மாற்றங்களின் வேகம் மேலும் கூடியுள்ளது. பிரித்தானியாவில் திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 26,200 பவுணிலிருந்து 2024 ஏப்ரலில் 38,700 ஆகவும், 2025 ஜூலையில் 41,700 ஆகவும் உயர்த்தப்பட்டது. பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2022 இல் திறக்கப்பட்ட வழி, 2024 மார்ச்சில் குடும்பத்தினரை அழைக்க முடியாதவாறு குறுக்கப்பட்டு, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு அடைக்கப்பட்டது. கனடா, தொழில் வாய்ப்புக் கடிதத்திற்கு வழங்கிவந்த மேலதிகப் புள்ளிகளை 2025 மார்ச்சில் நீக்கியது. அக்கடிதத்துக்காகப் பெருந்தொகை செலவிட்டவர்களுக்கு அது ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. அமெரிக்கா 2025 செப்டெம்பரில், வெளிநாட்டிலிருப்போருக்கான புதிய எச்-1பி மனு ஒன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணத்தை அறிவித்தது.

வரிசை என்பது வரிசையன்று

நம்மவர் பலர் விசா விண்ணப்பத்தைக் கூட்டுறவுக் கடையின் வரிசையைப் போலக் கருதுகின்றனர். முன்னர் வந்தவருக்கு முன்னர் கிடைக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. நடைமுறை அதுவன்று. அரசுகள் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எல்லை வகுக்கின்றன. அந்த எல்லைக்குள் எத்தொழிலுக்கு முன்னுரிமை என்பதை அமைச்சரின் பணிப்புரை தீர்மானிக்கிறது. நேற்று விண்ணப்பித்த தாதி, மூன்று ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்த கணக்காளரை முந்திச் செல்லலாம். அவுஸ்திரேலியா 2012 ஜூலையிலும் கனடா 2015 ஜனவரியிலும் புகுத்திய முறைகளில், முதலில் விருப்பத்தைத் தெரிவித்துவிட்டு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அழைப்பு வராதவரை அவர் சட்டப்படி விண்ணப்பதாரியே அல்லர்.

ஆகவே காத்திருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எப்போது கிடைக்கும்?' என்பதன்று. 'எந்தத் திகதியில் நடைமுறையிலுள்ள விதி என்னைக் கட்டுப்படுத்தும்?' என்பதே. சில விடயங்கள் விண்ணப்பம் கையேற்கப்பட்ட நாளிலும், சில அழைப்புக் கிடைத்த நாளிலும், சில தீர்மானம் எடுக்கப்படும் நாளிலும் நோக்கப்படுகின்றன. அவுஸ்திரேலியப் புள்ளி முறையில் வயது, அழைப்புக் கிடைக்கும் நாளில் கணக்கிடப்படுகிறது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளிகள். 33 ஆம் பிறந்தநாளில் அது 25 ஆகவும், 40 இல் 15 ஆகவும் குறையும். 45 இல் கதவு மூடப்படும். கனடாவின் முறையில் 30 ஆம் வயதிலிருந்தே புள்ளிகள் இறங்கத் தொடங்குகின்றன. தாமதம் என்பது வெறும் பொறுமைச் சோதனையன்று. அது புள்ளிகளைத் தின்னும் கறையான்.

ஆவணங்களுக்கும் ஆயுள் உண்டு. ஆங்கில மொழிப் பரீட்சைப் பெறுபேற்றைக் கனடா 2 ஆண்டுகளுக்கும், அவுஸ்திரேலியா திறன்சார் விசாக்களுக்கு 3 ஆண்டுகளுக்கும் ஏற்கிறது. மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதங்களுக்கும், பிரித்தானியா கோரும் காசநோய்ச் சான்றிதழ் 6 மாதங்களுக்கும் செல்லுபடியாகும். இவற்றை ஒரு கொப்பியில் திகதி வாரியாகக் குறித்து வைத்து, காலாவதிக்கு முன்னரே புதுப்பிக்கத் திட்டமிடுவது அறிவுடைமை. கேட்கப்படுவதற்கு முன்னரே அவசரப்பட்டு மருத்துவப் பரிசோதனை செய்து பணத்தை விரயமாக்குவதும் தவறே.

மன்னாருக்கே உரிய இடர்கள்

கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இல்லாத சிக்கல்கள் நமது மாவட்டத்தவருக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வீட்டையும் காணியையும் மட்டும் இழக்கவில்லை. உறுதிகளையும் பாடசாலைச் சான்றிதழ்களையும் பிறப்புப் பத்திரங்களையும் விட்டுச் சென்றனர். மன்னாரில் பிறந்து, புத்தளத்தில் படித்து, மீண்டும் முசலியில் குடியேறிய ஒருவரின் வாழ்க்கை மூன்று இடங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. போரின் இறுதிவரை பலமுறை இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பியோருக்கு வேறொரு சுமையும் உண்டு. அங்கு பிறந்த பிள்ளைகளின் இலங்கைப் பிரஜாவுரிமை பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்கான பொலிஸ் சான்றும் கோரப்படலாம். வளைகுடா நாடுகளில் தொழில் புரிந்தோரிடம் அந்நாடுகளின் பொலிஸ் சான்றுகள் கேட்கப்படுகின்றன. அந்நாட்டை விட்டு வந்த பின்னர் அதனைப் பெறுவது எளிதன்று. இன்று அங்கிருப்போர் புறப்படும் முன்னரே பெற்றுக்கொள்வது நன்று.

பெயர் பற்றியும் சொல்லியாக வேண்டும். முஹம்மது என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. தமிழரின் முன்னெழுத்து, ஓர் ஆவணத்தில் எழுத்தாகவும் இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயராகவும், மூன்றாவதில் குடும்பப் பெயராகவும் நிற்கிறது. நமக்கு இது இயல்பு. தொலைவிலுள்ள அதிகாரிக்கோ இரு வேறு மனிதர்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் உள்ள எழுத்துகளை விண்ணப்பிக்கும் முன்னரே ஒப்பிட வேண்டும். திருத்தக்கூடியதைத் திருத்தி, முடியாததற்குச் சத்தியக் கடதாசி இணைக்க வேண்டும். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வெளிநாட்டு அமைச்சின் சான்றுறுதிப்படுத்தலுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு.

பணமும் முகவரும்

விதி மாறும் காலமே போலி முகவர்களின் அறுவடைக் காலம். 'அடுத்த மாதம் கதவு மூடப்படும், இன்றே பணம் கட்டுங்கள்' என்ற அவசரமே அவர்களின் முதலீடு. அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் குடிவரவு ஆலோசகர்களைப் பதிவுசெய்து, அப்பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துள்ளன. இலங்கையில் வேலைவாய்ப்பு முகவருக்கு 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அவசியம். பெயரைப் பட்டியலில் தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வங்கிக் கணக்கில் காட்டுவதற்கெனச் சிலர் கடன் தருகின்றனர். கனடா, குடியேற்றச் செலவுக்கான பணம் கடனாகப் பெற்றதாக இருத்தலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பொய்யான ஆவணமொன்று கண்டுபிடிக்கப்பட்டால் அந்த விண்ணப்பம் மட்டுமன்றி, பின்வரும் ஆண்டுகளும் பறிபோகும். நகையை அடகு வைத்தோ, மார்க்கம் தடுத்த வட்டியில் விழுந்தோ கட்டிய பணம் வீணாவதைவிட, ஓராண்டு தாமதிப்பது நட்டமன்று.

காத்திருக்கும் காலத்தில் வாழ்க்கையை நிறுத்திவைப்பதே மிகப் பெரிய தவறு. தொழிலை விடுவதும், மேற்படிப்பைத் தள்ளிப்போடுவதும், திருமணத்தை ஒத்திவைப்பதும் பல வீடுகளில் நடக்கின்றன. ஒரே நாட்டை மட்டும் நம்பாமல், விதி மாறினாலும் பயன்படும் தகைமையைத் தேடிக்கொள்வதே உண்மையான காப்புறுதி. மணமானாலோ குழந்தை பிறந்தாலோ அதனை உடனே அறிவிக்க வேண்டும்; மறைத்தால் பின்னர் குடும்பத்தை அழைக்கும் உரிமையே பறிபோகலாம்.

யார் பொறுப்பு?

தம் நாட்டுக்குள் யாரை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு அரசுக்கும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதியை நம்பிக் கட்டணம் செலுத்தியவருக்கு அந்த விதியின்படியே தீர்ப்பு வழங்குவது நேர்மையின் குறைந்தபட்ச அளவு. புதிய விதி புதிய விண்ணப்பங்களுக்கே பொருந்த வேண்டும். புலம்பெயர்ந்து அந்நாடுகளில் வாக்குரிமை பெற்றுள்ள நம்மவர்கள் தம் பிரதிநிதிகளிடம் வலியுறுத்த வேண்டிய கோரிக்கை இதுவே.

நமது அரசுக்கும் கடமை உண்டு. 2024 இல் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டினால் மக்கள் பத்தரமுல்லையில் இரவு பகலாக வரிசையில் நின்றதை நாடு கண்டது. வெளிநாட்டு அழைப்பு ஒன்றுக்குப் பதிலளிக்க 60 நாள் அவகாசம் பெற்ற ஒருவருக்கு, உள்நாட்டுத் தாமதம் உயிர்க்கொல்லி. இடம்பெயர்ந்தோரின் இழந்த ஆவணங்களை மீளப்பெற மன்னாரில் நடமாடும் சேவைகள் ஒழுங்காக நடத்தப்பட வேண்டும். அத்துடன், எமது வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் பணிபுரிய வேண்டியவர்கள் ஏன் வாசலை நோக்கி நிற்கின்றனர் என்ற கேள்விக்கும் அரசு விடை தேட வேண்டும்.

கப்பலை நம்பிக் கடவுச்சீட்டுடன் நின்றவர்களுக்கு நீதி கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. இன்று திரையின் முன் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. அரசுகள் தம் கடமையைச் செய்யும் வரையில், அறிந்து விண்ணப்பிப்பதும், நேர்மையாக விண்ணப்பிப்பதும், காத்திருக்கும்போதும் வாழ்ந்துகொண்டிருப்பதுமே நம் கையில் உள்ளவை.