சந்தையில் நியாயமான போட்டி நிலவ வேண்டும்

பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. நாட்டின் நெல் உற்பத்திக்கு வழிகாட்டும் அந்த ஊரிலும் அரிசி விலை மக்களுக்குப் பெரும் சுமையாகவே இருந்து வருகின்றது. நெல்லை விளைவித்தவருக்கும் உரிய விலையில்லை. அரிசியை வாங்குபவருக்கும் நியாய விலையில்லை என்ற நிலைமைக்குக் காரணம் என்ன என்பதை நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நியாய வர்த்தக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஏகபோகங்கள், நிறுவன இணைப்புகள், போட்டிக்கு எதிரான நடைமுறைகள் ஆகிய மூன்றையும் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை உருவாக்கியது. போட்டிக்கு எதிரான நடைமுறைகளை இச்சபை விசாரித்து, நுகர்வோர் அலுவல்கள் பேரவைக்கு ஆற்றுப்படுத்தலாம். ஆனால் ஏகபோகங்களையும் இணைப்புகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

இதன் விளைவாக, சபையின் கவனம் பெரும்பாலும் விலைக்கட்டுப்பாட்டிலும் கடைச் சோதனைகளிலுமே தங்கிவிட்டது. 2021இல் அரிசிக்கான உச்சபட்ச சில்லறை விலை நீக்கப்பட்டதும் பெரிய ஆலை உரிமையாளர்கள் தாமே விலையை அறிவித்தனர். 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசியின் மொத்த விலை 225 ரூபாவாகவும் சில்லறை விலை 230 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. எஞ்சும் 5 ரூபாவுக்குள்ளேயே சில்லறை வியாபாரி ஏற்றுக்கூலியையும் கடை வாடகையையும் சமாளிக்க வேண்டும். மொத்த விலை மீறப்பட்டால் அவர் நட்டத்தில் விற்க வேண்டும், அல்லது தண்டப்பணத்துக்கு ஆளாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, உச்சபட்ச விலையை மீறும் தனிநபருக்கான தண்டம் ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஆரம்பமாகின்றது.

அயல்நாடான இந்தியா 1969ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டத்தைக் கைவிட்டபோது, அதற்குப் பதிலாக 2002இல் போட்டிச் சட்டத்தை இயற்றியது. அங்குள்ள போட்டி ஆணையம் நிறுவன இணைப்புகளையும் ஆராய்கின்றது. நாமோ பழைய அதிகாரத்தை இழந்தோமேயன்றி, அதனிலும் சிறந்ததொன்றைப் பெறவில்லை.

கண்டி மாவட்டத்தின் வர்த்தகத்தில் தமிழ், முஸ்லிம் மக்களுக்குப் பெரும் பங்குண்டு. பதுக்கலை இஸ்லாம் வன்மையாகக் கண்டிக்கின்றது. வாணிபத்தில் நடுவுநிலைமை வேண்டும் என்பது வள்ளுவரின் அறிவுரை. அதிக விலைக்கு விற்கும் வியாபாரிக்காக நாம் வாதிடவில்லை. விலையைக் காட்சிப்படுத்துவதும் பற்றுச்சீட்டு வழங்குவதும் வியாபாரிகளின் கடமையாகும். நுகர்வோரும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடத் தயங்கலாகாது.

எனினும், சில்லறைக் கடையில் காட்டப்படும் கண்டிப்பு ஆலையிலும் களஞ்சியத்திலும் காட்டப்பட வேண்டும். அதற்குத் தேவையான அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் மீண்டும் வழங்குவது பாராளுமன்றத்தின் பொறுப்பாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.